பக்கம் பக்கமாக விலைபோகும் பரோக் நூல்

ரோம் நகரில் 1693-இல் முதல் பாகமும் 1700-இல் இரண்டாம் பாகமுமாக வெளிவந்த ஒரு பெரிய நூலின் பக்கங்கள், இன்று பழைய அச்சுப்படக் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன. இயேசு சபைத் துறவியும் ஓவியருமான ஆந்த்ரேயா போட்ஸோ உருவாக்கிய ‘பெர்ஸ்பெக்டிவா பிக்தோரும் எத் ஆர்க்கிதெக்தோரும்’ என்ற அந்த நூல், ஓவியர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் தூரநோக்கு வரைமுறையைக் கற்றுத்தரும் பாடநூல். இரண்டு பாகங்களிலும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்கள் இருக்கின்றன. குவிமாடம், பலிபீடம், நாடக அரங்கம் என்று எதைப் பிரித்தெடுத்தாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்பீரமாக நிற்கும். பிரித்தெடுக்கப்படுவதற்குக் காரணமும் அதுதான். முழு நூலையும் வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். ஒரு தாளை வாங்கக்கூடியவர்களோ ஏராளம். தாள்களின் விலையைக் கூட்டினால் நூலின் விலையைத் தாண்டும் என்ற கணக்கில், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒன்றாக இருந்த பிரதியின் தையல் அறுக்கப்படுகிறது. இந்த வணிகம் நிற்க வேண்டும். சட்டம் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வாங்குகிறவர்களும் ஏலக் கூடங்களும் நூலகங்களும் மனம் வைத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும்.

போட்ஸோ 1642-இல் வட இத்தாலியின் த்ரெந்தோ நகரில் பிறந்தவர். வீரமாமுனிவர் இருந்த அதே இயேசு சபையில், குருப்பட்டம் பெறாத சகோதரராகவே கடைசிவரை இருந்தவர். அவருடைய நூலின் முதல் பாகம் வெளிவந்த 1693-ஆம் ஆண்டில்தான் அதே சபையின் அருளானந்தர் நம் ஓரியூரில் கொல்லப்பட்டார். சபையின் பணி உலகமெங்கும் பரவியதைக் கொண்டாடும் ஓவியத்தை ரோமின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்து வளைவுக் கூரையில் தீட்டி, 1694-இல் போட்ஸோ முடித்தார். ஆலயத் தரையில் பதித்த ஒரு பளிங்கு வட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், உண்மையான சுவர்கள் முடியும் இடம் தெரியாது. அவற்றுக்கு மேல் இன்னொரு மாடி, அதன் தூண்கள், வளைவுகள், அதற்கும் மேலே திறந்த வானம், வானத்தில் மிதக்கும் உருவங்கள் என்று கூரை கரைந்துபோயிருக்கும். அதே ஆலயத்துக்குக் கட்டப்படாமலே போன குவிமாடத்துக்குப் பதிலாக, ஏறத்தாழ 17 மீட்டர் அகலமுள்ள துணியில் ஒரு பொய்க் குவிமாடத்தையும் 1685-இல் தீட்டி மாட்டினார். குறித்த இடத்தை விட்டு விலகி நடந்தால் தூண்கள் சாய்கின்றன, மாடி சரிகிறது. பரோக் கலை பார்ப்பவரின் நிலையையும் நகர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்ட கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காட்டுவது கடினம்.

இப்படியொரு கூரையை எழுப்பும் வழியைச் சொல்லிக்கொடுப்பதற்காகவே நூல் எழுதப்பட்டது. சொல்லிக்கொடுக்கும் வரிசைதான் அதன் உயிர். தொடக்கத்தில் வெறும் சதுரம். தரையில் கிடக்கும் சதுரம் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு எப்படிச் சுருங்கித் தெரியும் என்பது முதல் பாடம். பிறகு பீடம் வருகிறது. பீடத்தின் மேல் தூணின் அடி, தூண், தூணின் தலைப்பகுதி, அதற்கு மேல் கொடுங்கை என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டடம் வளர்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் முதலில் தரைப்படமும் நிலைப்படமும் தருகிறார். அவற்றிலிருந்து கோடுகளை இழுத்துத் தூரநோக்கில் அந்த உறுப்பு எப்படிப் பிறக்கிறது என்று காட்டுகிறார். படத்துக்கு எதிரே இலத்தீனிலும் இத்தாலிய மொழியிலும் அருகருகே சுருக்கமான விளக்கம். முன்பு சொன்னதை அவர் திரும்பச் சொல்வதில்லை. முந்தைய படத்தில் கற்றது கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மேலே போகிறார். பாதிவழியில் நான்கு தாள்களை உருவிவிட்டால் மீதிப் பாடம் புரியாது. இடை ஏடுகள் போன சுவடியைப் பதிப்பிக்கத் தவித்தவர்களின் பாடு நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூரைப் பாடத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தாளில் வரைந்ததைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சுவருக்கு மாற்றுவது எல்லா ஓவியர்களுக்கும் தெரிந்த வேலை. கூரை வளைந்திருந்தால் கட்டங்களும் வளைய வேண்டும். எங்கே, எவ்வளவு வளைய வேண்டும் என்பதுதான் சிக்கல். போட்ஸோ காட்டும் வழி இது: வளைவு தொடங்கும் உயரத்தில் கயிறுகளால் கிடைமட்டமாக ஒரு வலை கட்டப்படுகிறது. பார்ப்பவரின் கண்ணுக்கு என்று குறித்த புள்ளியில் இரவில் ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது. வலையின் நிழல் வளைவில் விழுந்து, தானே வளைந்து, வரைய வேண்டிய கட்டங்களை வகுத்துக் காட்டிவிடும். நிழல் தெளிவாக எட்டாத அளவுக்குக் கூரை உயரமாக இருந்தால், அதே புள்ளியிலிருந்து ஒரு நூலை வலையைத் தொட்டபடி கூரைவரை நீட்டிப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளலாம். கணக்கில் மூழ்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்கையும் கொஞ்சம் கயிற்றையும் கொண்டு காரியத்தை முடிக்கும் இந்த அறிவு, அந்தப் படத்தின் கோடுகளிலும் எதிர்ப்பக்க விளக்கத்திலும் சேர்ந்தே இருக்கிறது. விளக்கத்தை இழந்த படத்தில் வலைபோல் பின்னிய கோடுகள் மட்டும் மிஞ்சும்.

குவிமாடப் படத்தின் கதை இன்னும் தெளிவானது. போட்ஸோ தன் பொய்க் குவிமாடத்தின் தூண்களைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகளின் மேல் நிறுத்தி வரைந்திருந்தார். உண்மைக் கட்டடத்தில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை என்று கட்டடக் கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். அதற்கான பதிலை அவர் அந்தப் படத்தின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: தாங்கிகள் பாரம் தாங்காமல் தூண்கள் விழுந்தால் செலவை எல்லாம் தான் ஏற்பதாக ஓவிய நண்பர் ஒருவர் உறுதி கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டாராம். அந்தச் சில வரிகளில் ஒரு காலத்தின் விவாதமே இருக்கிறது. ஓவியம் கட்டடத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டுமா, கண்ணுக்கு மட்டும் கட்டுப்பட்டால் போதுமா என்ற கேள்வியை அவர் எப்படிப் பார்த்தார் என்பதும் இருக்கிறது. நூலின் தையலை அறுப்பவர் குவிமாடப் படத்துக்கு நல்ல விலை வைக்கிறார். விளக்கம் எந்தத் தாளில் அச்சாகியிருக்கிறதோ அந்தத் தாளின் கதியை அடைகிறது. படம் ஒரு வீட்டுச் சுவருக்குப் போகும், அதை விளக்கும் சொற்கள் வேறு எங்கோ போகும், அல்லது விற்காத தாள்களோடு குப்பைக்குப் போகும்.

நூல் மட்டுமே காப்பாற்றி வைத்திருக்கும் கட்டடங்களும் உண்டு. நாற்பது மணி ஆராதனைக்காக 1685-இல் ரோமின் ஜேசு ஆலயத்துக்குள் கானா ஊர்த் திருமணத்தைச் சித்திரிக்கும் ஒரு பேரரங்கத்தைப் போட்ஸோ அமைத்தார். மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிய துணிகளை வரிசை வரிசையாக நிறுத்தி, அவற்றில் தூண்களும் படிகளும் தீட்டி, ஒரு மாளிகை முழுவதையும் கண்முன் கொண்டுவந்தார். ஆராதனை முடிந்ததும் அரங்கம் கலைக்கப்பட்டது. அது எப்படி இருந்தது, எந்தத் துணி எதற்குப் பின்னால் நின்றது என்பதையெல்லாம் முதல் பாகத்தின் படம்தான் நமக்குச் சொல்கிறது. புனித யோவான் லாத்தரன் பேராலயத்து முகப்புக்கு அவர் தீட்டிய திட்டங்கள் இரண்டாம் பாகத்தில் இருக்கின்றன. அந்த முகப்பு 1730-களில் அலெஸ்ஸாந்த்ரோ கலிலேயின் வடிவத்தில்தான் எழுந்தது. கலைந்துபோனதும் கட்டப்படாமல் போனதும் இப்படி அச்சில்தான் வாழ்கின்றன. பரோக் கலையின் பெரும் பங்கு திருவிழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் அரச இறுதிச் சடங்குகளுக்கும் எழுப்பிச் சில நாளில் பிரித்த தற்காலிகக் கட்டுமானம் என்பதை நினைத்தால், இந்த நூல்களின் எடை இன்னும் கூடும்.

இந்த நூல் போன தூரமும் அது முழுமையாகப் போனதால் வந்தது. 1707-இல் லண்டனில் ஜான் ஜேம்ஸ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஜான் ஸ்டர்ட் தகடுகளைப் புதிதாக வெட்டினார். புனித பவுல் பேராலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ரென், வான்புரூ, ஹாக்ஸ்மோர் மூவரும் அதற்குப் பரிந்துரை எழுதினார்கள். ஜெர்மனியில் அவுக்ஸ்புர்க் நகரப் பதிப்பு தென்ஜெர்மன் ஆலயக் கூரைகளுக்கெல்லாம் வழிகாட்டியது. போர்ச்சுகல் வழியாகப் பிரேசிலுக்கும் போனது. மிக வியப்பான பயணம் சீனத்துக்கு. ஜிங்தேஷென் அரச பீங்கான் சூளைகளை மேற்பார்த்த அதிகாரி நியென் சீயாவ், பேரரசரின் அவையில் ஓவியராக இருந்த இயேசு சபைச் சகோதரர் ஜுசெப்பே காஸ்திலியோனேயிடம் பாடம் கேட்டு, 1729-இல் சீன மொழியில் ஒரு தூரநோக்கு நூல் வெளியிட்டார். 1735-இல் அதை விரிவாக்கினார். போட்ஸோவின் தூண்களும் அதில் இருக்கின்றன, சீனத்துக் குடுவைகளும் வீடுகளும் இருக்கின்றன. சீயாவ் கற்றுக்கொண்டது சதுரத்திலிருந்து தூணுக்குப் போகும் முறையை. அழகான ஒற்றைத் தாள் ஒன்று மட்டும் பீஜிங்குக்குப் போயிருந்தால் அது ஒரு விந்தைப் பொருளாகப் பெட்டியில் கிடந்திருக்கும்.

நூலைப் பிரிக்கக் கூடாது என்பதற்கு வரும் மறுப்புகளில் முதலாவதை வரலாறே எழுப்புகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்களும் இந்த நூலைப் பூசையில் வைத்திருக்கவில்லை. தங்களுக்கு வேண்டிய படத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். நூலைப் பிரித்துப் புழங்கியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அப்படியிருக்க இன்று பிரிப்பதை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் நூலைத் தேய்த்ததற்குப் பதிலாக உலகத்துக்கு ஒரு கூரை கிடைத்தது. படம் பாடமாகவே பயன்பட்டு முடிந்தது. இன்று சட்டத்துக்குள் போகும் தாள் யாருக்கும் எதையும் கற்பிக்கப் போவதில்லை. வெளிச்சத்தில் தொங்கினால் மெல்ல மெல்ல மஞ்சளேறப் போகிறது. அன்றைக்கு நூல் விற்பனையில் இருந்தது, தகடுகள் இருந்தன, தேய்ந்த பிரதிக்கு ஈடாகப் புதிய பிரதி அச்சாகும். இன்று ஒரு பிரதி குறைந்தால் குறைந்ததுதான்.

இரண்டாவது மறுப்பு ஜனநாயகத்தின் பெயரால் வருகிறது. முழு நூல் ஒரு பணக்காரரின் அலமாரியிலோ நூலகத்தின் பூட்டிய அறையிலோ கிடப்பதைவிட, நூறு எளியவர்கள் ஆளுக்கொரு தாள் வைத்திருப்பது மேல் அல்லவா என்கிறார்கள். இந்த வாதத்தை மிக உறுதியாகச் சொன்னவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கலை ஆசிரியராக இருந்த ஆட்டோ ஈகே. இடைக்காலக் கையெழுத்து நூல்களை வாங்கிப் பிரித்து, ஐம்பது நூல்களிலிருந்து நூலுக்கொரு ஏடாக நாற்பது பெட்டிகள் அமையும்படி தொகுத்தார். சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் மூல ஏடு ஒன்றாவது கிடைக்கட்டும் என்பது அவருடைய நோக்கம். 1938-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தான் செய்வதை வெளிப்படையாகவே ஆதரித்தார். அவருடைய நல்லெண்ணத்தை மறுக்க முடியாது. விளைவையும் பார்க்க வேண்டும். பிரான்சின் போவே நகரத்துத் திருப்பலி நூல் ஒன்றின் ஏடுகளை, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, ஆய்வாளர்கள் ஊர் ஊராகத் தேடிக் கணினித் திரையில் ஒன்றுசேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஏட்டைக் கையில் வைத்திருக்கும் கல்லூரியில் அந்த ஏடு எந்த நூலின் எந்த இடத்தில் வந்தது என்று மாணவரிடம் சொல்ல ஆளில்லாமல் போனது. எளியவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற கவலை உண்மையானால், அதற்கு வழி பூட்டிய அறையைத் திறப்பது. மாணவரோ தச்சரோ ஓவியரோ கேட்டால் நூலை மேசையில் வைத்துக் காட்டுவது. பெரும் நூலகங்கள் இதில் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே, தாள் எங்கே போனால் என்ன என்பது மூன்றாவது மறுப்பு. போட்ஸோவின் நூல் முழுவதையும் இன்று திரையில் இலவசமாகப் புரட்ட முடிகிறது, அது பெரிய நன்மை. ஆனால் அந்தப் படியெடுப்பு பிரிக்கப்படாத பிரதி ஒன்று எங்கோ காப்பாற்றப்பட்டதால் கிடைத்தது. தவிரவும், கையச்சுக் காலத்தில் ஒரு பிரதி இன்னொன்றுக்கு அப்படியே நகலாக இருப்பதில்லை. செப்புத்தகடு ஒவ்வோர் அழுத்தத்திலும் கொஞ்சம் தேய்கிறது. முதலில் எடுத்த தாள்களில் நிழல் கறுத்தும் கோடு கூர்மையாகவும் விழும், பிந்தைய தாள்களில் வெளிறும். தேய்ந்த கோட்டைத் திரும்பச் செதுக்கியிருப்பார்கள். தாளின் நீர்க்குறி அது எந்த ஆலையில் செய்தது என்பதற்குத் துப்பு தரும். ஓரத்தில் யாரோ எழுதிய அளவு, கவராயத்தின் முள் குத்திய துளை, கட்டின் தோல், முதல் பக்கத்து உடைமையாளர் பெயர், இவை சேர்ந்துதான் ஒரு பிரதி யார் கையில் எந்த வேலைக்குப் போனது என்பதைச் சொல்லும். ஒரு பிரதியைப் படம் பிடித்துவிட்டோம் என்பதற்காக மற்றப் பிரதிகளை அறுக்கலாம் என்பது, மேலும் கேள்வி கேட்கும் வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடும்.

நூல் என் சொத்து, நான் என்ன செய்தால் உனக்கென்ன என்பவருக்குச் சட்டம் பெரும்பாலும் துணை நிற்கிறது. ஆகவே வணிகத்தின் நெறிகளைப் பற்றித்தான் பேச வேண்டும். பழைய நூல் வணிகர்களின் பன்னாட்டு அமைப்பு, முழுமையாகவும் சிதையாமலும் இருக்கும் நூல்களைப் பிரிக்கக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே நெறி வகுத்திருக்கிறது. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு தாள் குறைந்த பிரதி முழுமையானது ஆகாது. அதைப் பிரித்தால் நெறி மீறல் ஆகாது. இருநூறு படங்களில் ஒன்று போனதற்காக மற்ற அத்தனையையும் கலைக்க அனுமதி கிடைத்துவிடுகிறது. ஒரு தாளை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்றும் யாரும் கேட்பதில்லை. திருட்டுக்கும் இதுவே வாசல். 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தின் அரிய நூல் நூலகத்தில், வரைபட வணிகர் ஒருவர் இருந்த இடத்துக்கு அருகே தரையில் ஒரு சிறு கத்தி அலகு கிடந்ததைப் பணியாளர் கவனித்தார். அதன் பிறகு, பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக அந்த வணிகர் ஒப்புக்கொண்டார். நூலைத் திருடினால் விற்பது கடினம். அதில் முத்திரை இருக்கும், கட்டு இருக்கும், அடையாளம் இருக்கும். அறுத்தெடுத்த ஒரு தாள் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமலே விற்கும் பழக்கம் சந்தையில் இருக்கும்வரை, நேர்மையான வணிகரின் தாளும் திருடனின் தாளும் ஒரே பெட்டியில்தான் கிடக்கும்.

குறைப் பிரதிகளை நூலகங்கள் மதிக்கத் தொடங்குவது இதில் முதல் வேலை. நான்கு தாள் இல்லாத போட்ஸோவை வாங்க மாட்டோம் என்று நூலகம் ஒதுக்கும்போது, அந்தப் பிரதிக்குக் கத்திவைத்திருப்பவரைத் தவிர வேறு வாங்குநர் இல்லாமல் போகிறார். கட்டடக் கலைக் கல்லூரிகளுக்கு அப்படிப்பட்ட பிரதி பொக்கிஷம். முழுப் பிரதியைவிட மலிவு, மாணவர் கையில் தயக்கமின்றிக் கொடுக்கலாம், இல்லாத தாளுக்கு வேறு பிரதியிலிருந்து நகல் வைத்துக்கொள்ளலாம். வணிகர் அமைப்பின் நெறியில் ‘முழுமையான’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, தையல் குலையாத எந்தப் பிரதியையும் பிரிக்கக் கூடாது என்று மாற்ற வேண்டும். தனித்தாள் விற்கும் தளங்களும் ஏலக் கூடங்களும் அந்தத் தாள் எப்போது, எந்தப் பிரதியிலிருந்து பிரிந்தது என்ற விவரத்தை விற்பவரிடமிருந்து எழுத்தில் பெற்று விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். தர முடியாதவரின் தாளை ஏற்கக் கூடாது. நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்து, எதிலும் சேர்க்க முடியாமல் அலையும் தாள்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றை வாங்கி மாட்டுவதில் தவறில்லை. வாங்குகிறவர் தாளின் உள்ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, வெட்டு புதிதாக வெள்ளையாக இருக்கிறதா, விளிம்பெல்லாம் ஒரே நிறத்தில் பழுத்திருக்கிறதா என்று கவனிக்கட்டும். வெட்டு புதிதாகத் தெரிந்தால், மீதி நூல் எங்கே என்று விற்பவரிடம் கேட்கட்டும். பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்பட்டும்.